பூஜ்யத்துக்கு நம் ஊரில் என்ன பெயர்?

போன வியாழக்கிழமை பாதி நாளைக் கோலாலம்பூரில், ஒரு பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கழித்தேன்.

உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். என் படிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் இடைநிலைப் பள்ளியில் 'ரிமூவ்' என்கிற புகுமுக வகுப்பு — அத்தோடு அவர்கள் என்னை ரிமூவ் செய்துவிட்டார்கள். லாரியில் அட்டெண்டன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை... இப்போது மலாக்காப் பக்கம் பத்து பெரண்டாமில் ஒரு கிடங்கு வாசலில் ஜாகா, அதாவது காவலாளி. பல்கலைக்கழகத்துக்குள் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். சிமெண்டு மூட்டை இறக்க.

இந்தத் தடவை நான் துணைக்குப் போனேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்து தேவகியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேவகி என் வீட்டுக்கார அம்மாவின் மகள். அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா பார்வதி அக்கா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கணவர் இறந்ததும் பட்டணத்துப் பக்கம் வந்து, தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறார். தேவகிக்குப் பகலில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. சனிக்கிழமைகளில் கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போய் மாஸ்டர் படிப்பு. அட்வான்ஸ்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்.

இந்தப் படிப்பின் பெயரால் பார்வதி அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மகள் மாஸ்டர் படிக்கிறாள் என்றால், எந்த ஸ்கூல்ல வாத்தியார் வேலை கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அட்வான்ஸ் என்றால், எவ்வளவு கட்டினீங்க என்கிறார்கள். கடைசியில் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்." அதற்கும் பக்கத்து வீட்டம்மா விடவில்லை — "எங்க மகளும் டைப்பிங் க்ளாஸ் போறா."

மேல்படிப்பு என்றால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. இரண்டு வருஷம் பக்கத்து அறையில் இருந்து பார்த்த பிறகு சொல்கிறேன். மேல்படிப்பு என்பது தூக்கம் போதாமல் இருப்பது. மூட்டை தூக்கிய அசதி எனக்குத் தெரியும். குளித்தால் பாதி போய்விடும். தேவகியின் அசதி குளித்தும் போகாத ரகம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டிருக்கு" என்பாள். கம்ப்யூட்டரில் அல்ல, தலைக்குள்.

அவள் செய்துகொண்டிருந்த ஆய்வு இதுதான். தமிழில் எண்களைச் சொன்னால் கம்ப்யூட்டர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். போன் நம்பரை வாயால் சொன்னால் அதுவே டயல் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் இப்படிச் செய்துகொண்டிருக்கிறார்களாம். நம் ஆட்களுக்கு யார் செய்வது? கண் தெரியாத பெரியவர்களுக்கு, மகன் ஜோகூரிலும் மகள் கிள்ளானிலும் இருக்கிற அம்மாக்களுக்கு?

ஆனால் கம்ப்யூட்டருக்குச் சொல் தெரியாது. சத்தத்தின் உருவம்தான் தெரியும். பல பேர் சொல்லிக் காட்டினால்தான் 'ஏழு' என்றால் இப்படி இருக்கும் என்று அது பழகும். அதற்காக அவளுக்குக் குரல்கள் தேவைப்பட்டன. என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. இப்படித்தான் நான் மாஸ்டர் படிப்பில் சேர்ந்தேன்.

ஞாயிறுதோறும் சுற்றினோம். மலாக்கா டவுனில் முடிவெட்டும் கடை, பூக்கடை, கோயில் மண்டபம். தஞ்சோங் கிளிங்கில் ஹோட்டல் ஊழியர்கள். உள்ளே தள்ளி இரண்டு மூன்று தோட்டங்கள். தேவகி ஒரு காசெட் ரெக்கார்டரை மேசைமேல் வைப்பாள். மைக்கை நீட்டுவாள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கையில் கொடுப்பாள்.

அப்போது நடக்கும் பாருங்கள் கூத்து.

முடிவெட்டும் கடை மணியம் அண்ணன் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. மைக்கைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டார். தொண்டையைச் செருமினார். "அவைத் தலைவர் அவர்களே..." என்று ஆரம்பித்துவிட்டார். நாங்கள் நிறுத்தி, எண் மட்டும் போதும்ணே என்றோம். "ஒன்று" என்றார் — அவர் வாழ்க்கையில் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'ஒண்ணு'தான் வரும். 'ஏழு'வில் ழகரத்தை அவர் சுழற்றிய சுழற்றில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்தேன்.

எல்லாரும் அப்படித்தான். மைக்கைக் கண்டால் நம் நாக்கு வேட்டி கட்டிக்கொள்கிறது.

பூஜ்யத்தில்தான் கொஞ்சம் தடங்கல். எழுத்து தெரியாதவர்களுக்கு தேவகி வாயால் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தோட்டத்தில் காத்தாயி அக்கா என்று ஒருவர். "பூசையா?" என்று கேட்டார். பூசை இல்லக்கா, பூஜ்யம் என்றோம். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு சொன்னார். "பூ... ஜ்... யம்." அருமையான குரல். காசெட்டில் இன்னும் இருக்கிறது.

அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் தேவகி என்னைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தாள். "மெதுவா சொல்லுங்க மாமா." நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு "ஏழு" என்றேன். திரையில் 7 வந்தது. "நான்கு" என்றேன். 4 வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் சொன்னதை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. தேவகி சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து பார்வதி அக்கா வேலை முடிந்து வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நம்ம வீட்டு போன் நம்பர சொல்லேன். ஜோகூர்ல இருக்கற சித்திக்குச் சொல்ற மாதிரி, முழுசா."

அக்கா மைக்கைப் பார்க்கக்கூட இல்லை. காலை நீவிக்கொண்டே சொன்னார்.

"கோசோங் ஆறு..."

திரையில் 3 வந்தது. பிறகு 6.

தேவகி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அக்கா மறுபடியும் "கோசோங்" என்றார். இந்தத் தடவை 9. மூன்றாவது தடவை அக்கா குரலை உயர்த்தினார். மறுபடியும் 3.

"என்னா லா இது, காது கேக்காதா இந்த மெஷினுக்கு?"

"பூஜ்யம்னு சொல்லும்மா."

"போன் நம்பர பூஜ்யம்னு எவளாவது ஆரம்பிப்பாளா? சாமியார் பேசறாருன்னு எதிர்ல இருக்கறவன் போன வெச்சிருவான்."

அக்கா எழுந்து குளிக்கப் போய்விட்டார். தேவகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலாக்காவில் எந்த போன் நம்பரை முழுசாகச் சொன்னாலும் முதலில் வருவது சைபர், அடுத்து ஆறு. அந்த சைபரை நம்மில் யார் சைபர் என்கிறோம்? யார் பூஜ்யம் என்கிறோம்? சாலையோர ஒட்டுக் கடையில் வெறும் ரொட்டி கேட்டால் ரொட்டி கோசோங், சர்க்கரை போடாத டீ கோசோங், பர்ஸ் காலியானால் கோசோங், போன் நம்பரில் கோசோங். ஒண்ணு முதல் ஒன்பது வரை தமிழ்ச்சோறு சாப்பிடுகிற நாக்கு, பூஜ்யத்துக்கு மட்டும் பக்கத்து மலாய் வீட்டுக்குப் போய்விடுகிறது. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. போனதே தெரியாமல் இருந்ததுதான் விசேஷம்.

இத்தனை காசெட்டிலும் ஒரே ஒரு கோசோங்கூடக் கிடையாது. ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. அட்டையில் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

அவளுடைய கம்ப்யூட்டர் மேடைப் பேச்சைத்தான் புரிந்துகொள்ளும். மேடையில் யார் போன் நம்பர் சொல்கிறார்கள்?

அடுத்த சனிக்கிழமை தேவகி தன் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி, டாக்டர். நல்லவர் என்று தேவகி எப்போதும் சொல்வாள். முதலில் சிரித்தாராம். கோசோங் எங்கள் சொல் ஆயிற்றே, உங்களுக்கு எதற்கு என்று கேட்டாராம். பிறகு அவரே யோசித்து, எங்கள் பள்ளிப் புத்தகத்திலும் அது இருக்காது, அங்கே 'சிஃபார்' என்றுதான் இருக்கும் என்றாராம். பாருங்கள் — மலாய்ப் புத்தகத்தில் இல்லாத மலாய்ச் சொல், தமிழ்ப் புத்தகத்தில் இல்லாத தமிழ்ச் சொல். பாவம், அதற்கு எங்கேயும் ஐசி, அடையாள அட்டை, கிடையாது. ஆனால் எல்லார் வாயிலும் குடியிருக்கிறது.

சிரித்து முடித்துவிட்டு அந்த டாக்டர் சொன்ன யோசனை நடைமுறைக்கு ஏற்ற யோசனை. இருப்பதை இருக்கிறபடி எழுதிக் கொடுத்துவிடு. கடைசி அத்தியாயத்தில், இனி வருகிறவர்கள் இதையும் கவனிக்கலாம் என்று ஒரு பத்தி சேர்த்துவிடு. பட்டம் வந்துவிடும்.

அவசரம் இருந்தது. ஒரு தடவை தவணை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இன்னொரு தடவை தரமாட்டார்கள். தொழிற்சாலையிலும் வருஷ முடிவு வரைக்கும்தான் சனிக்கிழமை விடுப்பு. அந்த செமெஸ்டரில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இரண்டு வருஷச் சனிக்கிழமைகளும் போச்சு. பட்டமும் கிடையாது, பட்டம் வந்தால் தருவதாகச் சொன்ன எஞ்சினியர் வேலையும் கிடையாது.

மறுநாள் காலையில் பசியாறும்போது என்னிடம் கேட்டாள்.

"அப்படியே குடுத்துரவா மாமா?"

"குடுத்துரு" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். பார்வதி அக்கா ஒரு படி மேலே போனார். "இனிமே நம்ம ஆளுங்க பூஜ்யம்னே சொல்லிப் பழகட்டும். என்னா கெட்டுப்போச்சு?"

தேவகி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

"அம்மா சொல்றதே புரியலன்னா... நான் யாருக்கும்மா இத செஞ்சேன்?"

  ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வண்டில எண்ணெய் இருக்கா?"

மறுபடியும் சுற்றினோம். இந்தத் தடவை அட்டை இல்லை. மைக்கை நீட்டவும் இல்லை. பேச்சோடு பேச்சாக, ரெக்கார்டர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, வீட்டு போன் நம்பர் என்ன என்று மட்டும் கேட்டோம். மணியம் அண்ணன் ஒருவர் தலைமுடியை வெட்டிக்கொண்டே பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். கோசோங்கில் ஆரம்பித்து கடைசி எண் வரைக்கும் எங்கேயும் இடைவெளி இல்லை. வேட்டியை அவிழ்த்துவிட்டு நாக்கு கைலிக்கு மாறியிருந்தது.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா? போன தடவ சொன்னது நல்லால்லியா?" என்று மனத்தாங்கலோடு கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. அதான் பிரச்சினை" என்றாள் தேவகி.

எல்லாரும் கிடைக்கவில்லை. காத்தாயி அக்கா இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் போனபோது லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குக் கதவு இல்லை. புது வீடுகள் கட்டித் தாமான் வரப்போகிறது என்று ஒரு பலகை நின்றது. காத்தாயி அக்கா ஜோகூரில் எந்த மகன் வீட்டுக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தேவகி வண்டியை விட்டு இறங்கி, கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்தாள். ரெக்கார்டரைப் பையில் போட்டாள். "வாங்க மாமா, மழ வருது" என்றாள். அவ்வளவுதான்.

வேலைக்கும் போய்க்கொண்டு, சுற்றிக்கொண்டு, எழுதிக்கொண்டு... எப்படிச் செய்தாள் என்று கேட்காதீர்கள். செய்தாள். குருவி கத்துவதுபோலப் பிரிண்டர் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆய்வேட்டில் இரண்டு முடிவுகளையும் போட்டாள். அட்டையைப் பார்த்துப் படிக்கிற தமிழை இந்த மெஷின் நன்றாகவே கேட்கிறது. பேசுகிற தமிழில் தடுமாறுகிறது. இரண்டாவதை மறைக்கவில்லை. மேற்பார்வையாளர் எச்சரித்தாராம் — வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் இதைத்தான் பிடித்துக்கொள்வார், பார்த்துக்கொள். கெடுவுக்குள் கொடுத்துவிட்டு வந்து, காலில் சப்பாத்தோடு தூங்கிப்போனாள்.

இப்போது மறுபடியும் அந்தத் தாழ்வாரத்துக்கு வருவோம்.

கதவு திறந்தது. தேவகி மட்டும் வெளியே வந்தாள். உள்ளே மூன்று பேரும் முடிவு பேசுகிறார்களாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தாள்.

நடந்ததைச் சொன்னாள். வெளித் தேர்வாளர் ஒரு பேராசிரியர், நம் ஆள். தமிழ் நிகழ்ச்சிகளில் மேடையேறுகிறவர். மற்ற இரண்டு பேரும் கணக்கைப் பற்றிக் கேட்டார்களாம், அதெல்லாம் சொல்லிவிட்டாள். இவர் மட்டும் கோசோங்கை விடவே இல்லை. தலைப்பில் தமிழ் எண்கள் என்று போட்டிருக்கிறாய், உள்ளே மலாய்ச் சொல்லை வைத்திருக்கிறாய், இது எந்த மொழி என்று கேட்டாராம். மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாளாம். மக்கள் தப்பாகச் சொன்னால் மெஷினுக்கும் தப்பாகத்தான் சொல்லிக்கொடுப்பாயா? படித்தவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றாராம்.

"நீ என்னா சொன்ன?"

"எங்க வீட்டுல சொல்றாங்கன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வரல மாமா. இங்கிலீஷ்கூட மறந்துபோச்சு."

 தண்ணீர் போத்தலை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். போனாள். என்னால் உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை நடந்தேன், திரும்பினேன். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசுகளையெல்லாம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

தேவகி வந்தாள். "பாஸ்" என்றாள். பரீட்சையில் தேறியதை, பஸ் வந்துவிட்டது என்கிற குரலில் சொல்கிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன். ஆனால் திருத்தங்கள் உண்டு. கோசோங்குக்காகத் தனியாக ஒரு பகுதி எழுதி, ஏன் சேர்த்தாய் என்று காரணம் காட்ட வேண்டும். அந்தப் பேராசிரியர் படித்துச் சரி என்று சொன்னால்தான் பட்டம் கைக்கு வரும்.

அப்போதுதான் அந்தப் பேராசிரியரே வெளியே வந்தார். நான் நினைத்ததுபோல முரட்டு ஆள் இல்லை. களைத்த மனிதர், கையில் கனமான பை. என்னைப் பார்த்து அப்பாவா என்று கேட்டார். மாமா என்றேன். பொண்ணு நல்லா செஞ்சிருக்கு என்றார். நிஜமாகவே சொன்னார். பிறகு தேவகியிடம் திரும்பினார்.

"அந்தப் பகுதிய எழுதி முடிச்சதும் வீட்டுக்கே அடிம்மா. ஆபீஸ்ல நான் சிக்க மாட்டேன். நம்பர் எழுதிக்க."

தேவகி பேனாவை எடுத்தாள். அவர் நம்பரை ஞாபகப்படுத்துகிற எல்லாரையும்போல மேலே கூரையைப் பார்த்தார்.

"கோசோங் மூணு..."

தொடர்ந்து ஒரே மூச்சில் மிச்சத்தையும் சொன்னார். பட்டாசு மாதிரி. மணியம் அண்ணன் தோற்றார்.

தேவகியின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. அவள் தலையைத் தூக்கவில்லை. நான் சுவரிலிருந்த நோட்டீசைப் பார்த்தேன். பேராசிரியர், வரேம்மா என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். அவருக்குத் தெரியாது. போனதே தெரியாமல் போகிற சொல் அல்லவா அது?

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பதற்குத் தெம்பு இல்லை. மலாக்கா பஸ் கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். சிரம்பான் வந்தது, அலோர் காஜா வந்தது, அசையவில்லை. நான்தான் விழித்துக்கொண்டு யோசித்தபடி வந்தேன். இரண்டு வருஷமாக எங்கே போனாலும் அந்த ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவள், இன்றைக்கு எதற்கு அது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நாங்கள் கேட்டதிலேயே ஆகச் சிறந்த கோசோங் அதுதான்.